வெறும் செம்பில் ஊற்றிய தண்ணீர்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாமக்கல்லில் எங்கள் பள்ளிவாசலில் ஒருநாள் மார்க்க வகுப்பு வைத்திருந்தார்கள். நான் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். குர்ஆன் ஓதத் தெரியுமே தவிர விளக்கம் தெரியாது. அந்தக் குறை தீரட்டும் என்று காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து, நான்கு பேருக்கு ஒரு தட்டாகச் சோறு வைத்தார்கள். என் தட்டில் ஜேடர்பாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரும் உட்கார்ந்தார். கையை வைத்தாரே தவிர சாப்பிடவில்லை. கேட்டதற்கு, “பசிக்கலீங்க தம்பி” என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, எப்படிக் குளிப்பாட்டுவது என்று வகுப்பு எடுத்த ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஊரில் அதற்கென்று ஒருவர் இருந்தார். மற்றவர்கள் திரைக்கு வெளியே நின்றுகொள்வோம். “அவர் மௌத்தாயிட்டா அவரை யாருங்க குளிப்பாட்டுறது?” என்று ஹஜ்ரத் கேட்டார்.

பழகிப் பார்க்க ஒரு ஆள் படுக்க வேண்டும் என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “ஒல்லியா இருக்கற பாயைப் படுக்கச் சொல்லுங்க. திருப்பறதுக்கு லேசா இருக்கும்” என்று யாரோ என்னைக் கை காட்டினார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒரு துணியைப் போர்த்தினார்கள். பழக்கம்தானே, அதனால் செம்பில் தண்ணீர் இல்லை. ஊற்றுவதுபோல் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் வந்த இரண்டு பேர் என்னைப் படபடவென்று உருட்டினார்கள். “லாரியாங்க கழுவறீங்க?” என்று ஹஜ்ரத் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “மய்யித்து சிரிக்குதுங்கோ” என்றார் ஒருவர்.

அடுத்து ஆள் வரும் சத்தம் கேட்டது. லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெரியவர் செம்போடு நின்றார். வெறும் செம்பைத் தன் புறங்கையில் சாய்த்து, சூடு பார்க்கிறவர்போல் சற்று நேரம் நின்றார். அப்புறம்தான் என் மேல் ஊற்றினார். அதை யாரும் சொல்லித் தரவில்லை. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது செய்கிற வேலை அது. ஒரு கையால் என் தலையைத் தாங்கிக்கொண்டு, இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கத்தை மெதுவாகத் தேய்த்தார். செய்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

“ஹஜ்ரத், எம்பட பையன் லாரியில போனவனுங்க” என்றார். “வடக்க எங்கியோ வண்டி கவுந்து போச்சுங்க. தந்தி வாரதுக்குள்ள அந்த ஊருக்காரங்களே அடக்கம் பண்ணிப்போட்டாங்க. ஊருப் பேருகூட என்ற வாயில நுழையாது. இதெல்லாம் அவனுக்குச் செஞ்சிருப்பாங்களா?”

ஹஜ்ரத் அவர் பக்கத்தில் வந்து நின்றார். “நான் பார்க்கலைங்க. பார்க்காததைச் சொல்லக் கூடாது. ஆனா எந்த ஊரா இருந்தாலும் முறை இது ஒண்ணுதான். வலப்பக்கம்தான் முதல்ல. கடைசித் தண்ணியிலதான் கற்பூரம். நீங்க இப்பச் செஞ்சதைத்தான் அவங்களும் செஞ்சிருப்பாங்க.”

“வெதுவெதுன்னு ஊத்தியிருப்பாங்களா?”

“அப்படித்தாங்க ஊத்தச் சொல்லியிருக்கு.”

பெரியவர் துணியை என் கால்வரை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் எழுந்திருக்க மறந்து அப்படியே கிடந்தேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும்போது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, நான் திருப்பறப்ப வலிச்சுதுங்களா?”

“இல்லீங்க அத்தா. திருப்புனதே தெரியல.”

தலையை ஆட்டிக்கொண்டார். ஒரே காலை வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். தொழுது முடித்துத் திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை. பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார்கள். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை.

ரோட்டில் அடிபட்டுச் செத்த வெளியூர்க்காரர்களின் மய்யித்து எங்கள் பள்ளிவாசலுக்கு வந்தால், இப்போது நான் திரைக்கு உள்ளே போய்விடுகிறேன். பெயர்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைகள் மேல் தண்ணீர் ஊற்றுமுன் ஒருமுறை என் புறங்கையில் விட்டுப் பார்ப்பேன். எங்கோ ஒரு தகப்பன், சூடு சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.