முகூர்த்த நாளில் வந்த ரேடியோ போட்டி

ஹாம் ரேடியோ போட்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானலையில் பேசுகிறவன். போட்டி நாளில் உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் ஒரே நேரத்தில் இறங்கி, யார் அதிகம் பேரைப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். பரிசு ஒரு தாள். அதையும் நாமேதான் பிரின்ட் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முன்பு வாயால் கூப்பிடுவோம். இப்போது டிஜிட்டல் போட்டிகள் வந்துவிட்டன. கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, ஒரு லேப்டாப். பழைய ரேடியோ செய்த வேலையையெல்லாம் மென்பொருள் செய்துவிடும். அலைவரிசை முழுவதும் திரையில் மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும்; ஒவ்வொரு நிலையமும் அதில் ஒரு மெல்லிய கோடு. கம்ப்யூட்டர் சில வினாடி அனுப்பும், சில வினாடி கேட்கும். நான் கூப்பிட்டது உனக்கு விழ வேண்டும், நீ சொன்ன பதில் எனக்கு விழ வேண்டும். இரண்டும் நடந்தால்தான் தொடர்பு. ஒன்று குறைந்தாலும் பூஜ்யம்.

இந்த டிஜிட்டலை நான் ஆரம்பித்ததே அண்ணனுக்காகத்தான். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. இருபது வருட வானலைச் சிநேகம். சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆலை மோட்டார்களை மிஞ்சிப் பேசிப் பழகிய தொண்டை. குரல் போட்டிகளில் அவர் ஒருமுறை கூப்பிட்டால் பத்து நாடு திரும்பிப் பார்க்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்துவிட்டார்கள். இப்போது எது சொல்ல வேண்டுமானாலும் போனில் எழுதிக் காட்டுவார்.

டிஜிட்டலுக்குக் குரல் வேண்டாமே என்று நான்தான் அவரை இழுத்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி பெட்டி வாங்கினோம். முதல் போட்டியில் அவருக்கு ஒருவர்கூடப் பதில் தரவில்லை. தன் அலை வெளியே போகவே இல்லை என்று நினைத்துவிட்டார். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஏரியலுக்குப் புதுக் கம்பி இழுத்துக் கட்டினோம். அடுத்த போட்டிக்கு முன்னால் எழுதிக் காட்டினார்: "இந்தவாட்டியும் யாரும் வரலன்னா கம்பிய இறக்கிடு. எனக்கு இதுலயும் கொரல் இல்லன்னு ஆயிடுச்சி."

அந்தப் போட்டிக்கு நான் கல்வராயன் மலைக்கு ஏறினேன். கடையைச் சுற்றி மின்சார இரைச்சல் ஜாஸ்தி. மலையில் வானம் சுத்தம். மலைக் குளிர் அண்ணனின் கழுத்துத் துளைக்கு ஆகாது என்பதால் அவர் வீட்டிலேயே உட்கார்ந்தார். தெரிந்தவரின் மரவள்ளிக் காட்டு ஓரத்தில் கடுக்காய் மரத்தில் கம்பியைக் கட்டி, பேட்டரியை மாட்டினேன். மாலையில் போட்டி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அண்ணனின் அழைப்புக்குறி, வானலையில் எங்கள் பெயருக்குப் பதிலாக உரிமத்தில் தரும் எழுத்துகள், என் திரையில் வந்தது. மெலிசாக, ஆனால் தெளிவாக. சந்தோஷத்தில் தொடையில் தட்டிக்கொண்டேன்.

அடுத்த வரியில் ஒரு ஜப்பான்காரர் அவருக்குப் பதில் கொடுத்தார். அதற்கடுத்து ஒரு இத்தாலிக்காரர். அண்ணனோ யாரையும் கண்டுகொள்ளாமல் திரும்பவும் 'யாராவது இருக்கிறீர்களா' என்றே அனுப்பினார். மறுபடி ஜப்பான். மறுபடி இத்தாலி. புதிதாக ஒரு பல்கேரியா. அண்ணன் மறுபடியும் அதே அழைப்பு. அண்ணே, இங்கே வரிசை கட்டி நிற்கிறார்கள், என்ன செய்கிறீர்கள் என்று மரவள்ளிக் காட்டைப் பார்த்துக் கத்தினேன். நானே அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அதுவும் அவருக்கு விழவில்லை.

அங்கே போனில் சிக்னல் கிடையாது. பைக்கை எடுத்துக்கொண்டு டீக்கடை வளைவுக்குப் போனால்தான் கிடைக்கும். போய் அண்ணியைக் கூப்பிட்டேன்.

"ஸ்கிரீன் பூரா மஞ்சளா கெடக்கு தம்பி. எதிர் மண்டபத்துல ரிசப்ஷன். மாடிலேர்ந்து கேட் வரைக்கும் சீரியல் லைட்டு போட்டுகினு இருக்கறாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தப் போட்டிக்காக, அலை எவ்வளவு தூரம் போகும் என்று சூரியப் புள்ளி பார்த்தோம், காற்று மண்டலக் கணிப்பு பார்த்தோம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் முகூர்த்தம் பார்க்க இரண்டு முட்டாள்களுக்கும் தோன்றவில்லை. மலிவு எல்.ஈ.டி. சரம் கக்குகிற மின்சார இரைச்சல் திரையையே மஞ்சளாக்கிவிடும்; அதில் பலமான நிலையமே மூழ்கிவிடும்.

"கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லி கேளுங்க அண்ணி."

"போனேன் தம்பி. பொண்ணு மாப்ள மேடையேறுற நேரம். கல்யாண வூட்ல போயி வெளக்க அணைங்கன்னு எந்த வாயால சொல்றது? சந்தனம் பூசிகினு, பூவ வாங்கிகினு வந்துட்டேன்."

அவர்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. நானாக இருந்தாலும் பூவைத்தான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"சரி, அவருக்குப் பதில் வந்துகிட்டே இருக்குன்னாவது சொல்லுங்க. யார் யாருன்னு நான் சொல்றேன்."

அண்ணி உள்ளே போய் வந்தார். "பேர சொல்லாதன்னு எழுதறாரு. காதுல விழாதத கணக்குல எழுத மாட்டாராம். எத்தினி பேருன்னு மட்டும் கேக்கறாரு."

"நிறைய பேர் அண்ணி."

திரும்பவும் போனார். இந்த முறை நேரமானது. "போன கீழ வச்சிட்டாரு தம்பி. கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிகினு இருக்காரு."

பைக்கைத் திருப்பினேன். கேட்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவரை, வாய் பெரிசு, காது சின்னது என்று எங்கள் கூட்டத்தில் கேலி செய்வோம். அண்ணன்தான் அந்தக் கேலியில் முதல் ஆள். இப்போது அவருடைய வாய் மூன்று நாடு போகிறது, காதை ஒரு கல்யாணம் அடைத்துவிட்டது. காட்டுக்கு வந்து சேரும்வரை யாரைத் திட்டுவது என்று தேடிக்கொண்டே வந்தேன். யாரும் கிடைக்கவில்லை.

திரையில் அண்ணனின் கோடு இன்னும் இருந்தது. ஆனால் அழைப்பு மாறியிருந்தது. இந்த டிஜிட்டல் முறையில் சொந்தமாக எழுத ஒரு சிறு வரிக்குத்தான் இடமுண்டு. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: மன்னிக்கவும், கேட்கவில்லை. ஒருமுறை அனுப்பினார். மறுபடியும் அனுப்பினார். பிறகு அந்தக் கோடு நின்றுவிட்டது.

இத்தாலிக்காரர் நகர்ந்துவிட்டார். பல்கேரியாக்காரரும் போய்விட்டார். ஜப்பான்காரர் மட்டும் காலியான இடத்தைப் பார்த்து அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அண்ணனின் அழைப்புக்குறி என் திரையில் எழுந்தது. பிறகு அவரும் சலித்துப்போய் என்னைக் கூப்பிட்டார். நான் பதில் கொடுத்தேன். அவருக்கு விழுந்தது. தொடர்பு முடிந்தது என்று லேப்டாப் எனக்கு ஒரு புள்ளி போட்டது.