புளியில் ஊறிய ஜெர்மன் காசுகள்

பக்கிரிசாமி சேர்த்து வைத்திருந்தது ஜெர்மன் காசு. அதுவும் அரசாங்கக் காசு இல்லை. முதல் உலகப் போரில் செம்பும் நிக்கலும் குண்டு செய்யப் போய்விட, சில்லறைக்கு அல்லாடிய ஊர்கள் இரும்பிலும் துத்தநாகத்திலும் தாங்களே அடித்துக்கொண்ட அவசரக் காசு. போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டிய காலத்தில், கப்பல் சமையல்காரன் ஒருவன் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். அன்று பிடித்த பித்து, வேலையை விட்டு வந்தும் விடவில்லை.

"இந்தத் தகரத்தையே கட்டிக்கிட்டு அழுங்க," என்பாள் மனைவி நல்லம்மாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களும் இதையே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டு வருவார். வயிறு எரியும், எரியாமல் என்ன செய்யும்?

இந்த வருஷம்தான் அவருக்கு விடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் நாணயக் கண்காட்சி. ஒரு கண்ணாடிப் பெட்டி முழுக்க அவருடைய காசு, மேலே அவர் பெயர். கண்காட்சி நடத்தும் நாணயச் சங்கத்து லோகேஸ்வரி சனிக்கிழமை வந்து எடுத்துப் போவதாகப் போனில் சொன்னாள்.

அத்தோடு சும்மா இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்! நாலு பேர் பார்க்கிற பொருள் இப்படிக் கறுத்துக் கிடக்கலாமா என்று, பூசைக்குக் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியைக் கரைத்து, அத்தனையையும் முதல் நாளே ஊறப் போட்டார். பித்தளைக்குப் புளி சரி. துத்தநாகத்தை அது தின்றுவிடும் என்று இவர் எங்கே கண்டார்? காலையில் நார் போட்டுத் தேய்த்தார். வெளுத்து வந்தது. கண்ணில் புரை, எழுத்து இருக்கிறதா போனதா என்று தெரியவில்லை. பரம திருப்தி.

லோகேஸ்வரி வந்தாள். ஒரு காசை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், கழுவுனீங்களா?"

"ஆமாம்மா, புளி போட்டு நல்லா தேய்ச்சேன் லா. பளிச்சுன்னு இருக்குல்ல?"

அவள் ஒன்று மாற்றி ஒன்றாகப் புரட்டினாள். "எல்லாம் அரிச்சுப் போச்சு அங்கிள். இரும்புல துரு வேற ஏறுது. எந்த ஊர்க் காசுன்னே தெரியல. இதை எப்படி வைக்கிறது?"

"ஒண்ணாவது தேறாதாம்மா?"

"சாரி அங்கிள்."

கொண்டுவந்த பெட்டியை வெறுமையாகவே தூக்கிக்கொண்டு போனாள்.

அடுப்படியில் இருந்த நல்லம்மாளுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. சுங்கை பூலோவில் இருக்கும் தம்பியோடு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துடுடா. கண்ணாடிப் பெட்டியில அவரு பேரு போடுறாங்க. எல்லாரும் வந்து பாக்கணும், சொல்லிட்டேன்."

பக்கிரிசாமி வெளுத்த காசுகளை ஒவ்வொன்றாக வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.