தாடிக்காரரின் முகமூடி

பக்‌ஷானுக்குக் கீழ்த்தளத்து வீடு ஆகாது. குர்து நகரமான சுலைமானியாவில் பதினைந்து வருஷத்தில் நாலு வீடு மாறியிருக்கிறாள், நாலும் மாடிதான். மண்ணெண்ணெய் டின்னையும் மெத்தைப் பஞ்சையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவளைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஆரம்பத்தில் சிரித்தார்கள். ஹலப்ஜாக்காரி என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

2003 மார்ச் பிறந்ததும் அதே ஜனங்கள் மூச்சிரைக்கப் படியேறி அவள் வாசலில் வந்து நின்றார்கள். அமெரிக்கா பாக்தாத்மேல் படையெடுக்கப் போகிறது, அடி வாங்கிய கோபத்தை பாக்தாத் விஷவாயுவாகக் குர்துகள் தலையில்தான் கொட்டும் என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. ஜன்னலை நைலான் தாள் போட்டு ஒட்டுங்கள் என்று உள்ளூர் டிவி சொல்லி, கடைத்தெருவில் நைலான் தாளே இல்லாமல் போய்விட்டது. மெத்தை தைத்துப் பிழைத்த பக்‌ஷான் இப்போது கரி முகமூடி தைத்தாள். இரண்டு மடிப்புப் பருத்தித் துணி, நடுவில் இடித்த அடுப்புக்கரி, காதுக்கு இரண்டு நாடா.

"எனக்குக் கொஞ்சம் பெருசா தை பக்‌ஷான்," என்றாள் எதிர்வீட்டு குல்பகார். "என் மாமியாருக்கு. அவங்க வாயிக்கு இது பத்தாது."

"வாயிக்குத் துணி போதும்டி. நாக்குக்குத்தான் மெத்தையே தைக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். குல்பகார் படியிறங்கும்போது அழுதுகொண்டே போனது பக்‌ஷானுக்குக் கேட்டது. இந்தத் துணி தூசியைத் தடுக்கும், மனசைக் கொஞ்சம் தேற்றும், வேறெதையும் தடுக்காது. இந்த ஊரிலேயே அது நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அதைச் சொல்லாமல் தைத்துக்கொண்டே இருந்தாள்.

காலையில் எழுந்ததும் அவள் முதல் வேலை, ரொட்டிக்கடைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது. மேற்கிலிருந்து காற்று வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மேற்கேதான் பாக்தாத்தின் பீரங்கிகள் நின்றன.

அவள் பயமெல்லாம் மகன் ஹேமினைப் பற்றியது. அவனுக்குப் பதினாறு வயது. படிப்பில் கெட்டி, செஸ் ஆடுவான், அம்மாவைக் கிண்டல் செய்யத் தெரியும். நுரையீரல் மட்டும் கிழவனுடையது. அவனுக்கும் ஒரு கரி முகமூடி தைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டிவிட்டாள். நாலாவது நிமிஷம் அவன் உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. நாடாவை அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் அறுத்தெறிந்தாள்.

"வெளிய விஷம், உள்ள உன் கரி," என்றான் அவன், மூச்சு திரும்பியதும். "எதுல சாகறதுன்னு நான்தான் முடிவு பண்ணணும்போல."

"வாயக் கழுவுடா."

மலைமேல் ஏறிவிடலாம் என்று பாதி ஊர் கிளம்பிக்கொண்டிருந்தது. ஹேமினால் மூன்று மாடியையே நின்று நின்றுதான் ஏற முடியும். வாகனத்தில் போகலாமென்றால் மலைப்பாதையில் வண்டி நகரவில்லை. அதனால் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவனால் மூச்சுவிட முடிகிற ஒரு நிஜ முகமூடி. நகராட்சி அலுவலகம், கட்சி அலுவலகம், ஆஸ்பத்திரி என்று மூன்று இடத்துக்கு நடந்தாள். பெரிய நாடுகளிடம் கேட்டிருக்கிறோம், வரும் என்றார்கள். வரவில்லை.

அவள் கதை ஊரறிந்ததுதான். ஹலப்ஜாவில் குண்டு விழுவது மழை மாதிரி வழக்கமாகிப் போயிருந்தது. சத்தம் கேட்டால் நிலவறைக்குள் ஓடு, நின்றதும் வெளியே வா. குழந்தைகளுக்கு நடக்கத் தெரியும் முன்பே இது தெரியும். 1988 மார்ச்சில் அந்த நாளிலும் அவள்தான் கத்திக் கத்தி புருஷனையும் ஆறு வயது மகள் சினூரையும் நிலவறைக்குள் இறக்கினாள். கைக்குழந்தை ஹேமின் பசியில் வீறிட்டான். பால் காய்ச்ச அவனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். இந்தத் தடவை குண்டுகள் பெரிதாக வெடிக்கவில்லை. முற்றத்தில் கோழிகள் சாய்ந்து கிடந்தன. கீழே குனிந்து கூப்பிட்டாள். சினூர் சிரிக்கிற சத்தம் வந்தது, நிற்காமல், மூச்சு விடாமல். அந்தக் காற்று கனமானது, பள்ளம் பார்த்துப் போய் உட்காரும், உட்கார்ந்த இடத்தில் மனிதர்களைச் சிரிக்க வைத்தே கொல்லும் என்று அவளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? இறங்கப் போனவளைப் பக்கத்து வீட்டார் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். விஷக்காற்றில் போன கண்பார்வை எல்லைக்கு அந்தப் பக்கம் ஈரான் முகாமில் திரும்பியபோது மடியில் ஹேமின் இருந்தான், வேறு யாரும் இல்லை.

முகாமுக்கு வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தது. இரண்டு மணி நேரம் சொன்னாள். விமானம் எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை, என்ன நிறம், எல்லாம். வந்தவர் பக்கம் பக்கமாக எழுதினார், கையைப் பிடித்து வருத்தப்பட்டார். சில வாரம் கழித்து முகாம் ரேடியோவில் சேதி: பாக்தாத்-ஈரான் சண்டையில் இரண்டு பக்கமும் போட்டிருக்கலாம், யார் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று ஒரு பெரிய நாடு சொல்லிவிட்டதாம். உறுதியாகச் சொல்வதற்கு அவள் ஒருத்தி இருந்தாளே! அந்தச் சமயம் பாக்தாத் அவர்களுக்கு வேண்டிய ஆள். வேண்டிய ஆள் போட்டால் புகைமூட்டம், வேண்டாத ஆள் போட்டால் விஷவாயு. பாக்தாத்துக்குக் கோதுமையும் கடனும் போனது நிற்கவில்லை.

ஆனால் இப்போது பாக்தாத் வேண்டாத ஆள் ஆகிவிட்டதே. பதினைந்து வருஷம் யாரும் ஏறாத மாடிப்படியில் கேமராவும் கையுமாக வெளிநாட்டார் ஏற ஆரம்பித்தார்கள்.

யுத்தத்துக்குச் சில நாள் முன்பு, ஒரு பகல் வேளையில் ரேபுவார் இருவரைக் கூட்டிவந்தான். ரேபுவார் அதே தெருக்காரன், பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். பள்ளியை மூடிவிட்டதால் பத்திரிகைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துக் கொண்டிருந்தான். வந்தவர்களில் உயரமானவர் நிருபர். மற்றவர் போட்டோ எடுப்பவர், மார்பு வரை செம்பட்டைத் தாடி. ஆளுக்கொரு கித்தான் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாவதாகவும் ஒரு பை இருந்தது.

தேநீர் வந்தது. நிருபர் செம்புச் சர்க்கரைக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து, என்ன அழகு, என்ன வேலைப்பாடு என்றார்.

"உங்களுக்கே," என்றாள் பக்‌ஷான், யோசிக்காமல். ஒருவர் பொருளைப் புகழ்ந்தால் உடையவர் அப்படிச் சொல்லியே ஆகவேண்டும். புகழ்ந்தவர் ஐயோ வேண்டாம் என்று மூன்று தடவை மறுக்க வேண்டும். அதோடு விஷயம் முடிந்துவிடும். சுலைமானியாவில் யாரும் இந்த வகையில் கிண்ணத்தை இழந்ததில்லை.

நிருபர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லி, கிண்ணத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரேபுவார் முகம் சிவந்து கூரையைப் பார்த்தான். பக்‌ஷானுக்கோ கோபம் வரவில்லை. அடேயப்பா, நம் வழக்கம் தெரிந்த மனிதர், அதிலும் ஒளிவுமறைவில்லாமல் எடுத்துக்கொள்கிறவர் என்று நினைத்தாள். அவள் செய்த தப்பு அதுதான்.

"அந்தப் பையில என்னன்னு கேளுடா," என்றாள் ரேபுவாரிடம், தாடிக்காரரின் பையைக் காட்டி.

தாடிக்காரர் உற்சாகமாகப் பிரித்துக் காட்டினார். தலை முழுக்க மூடுகிற பை போல ஒன்று, முன்னால் கண்ணாடி, இடுப்பில் கட்ட ஒரு சின்ன விசிறிப் பெட்டி. பொத்தானை அமுக்கியதும் அது உர்ரென்று காற்றை வடிகட்டி உள்ளே தள்ளியது. தாடி வைத்தவர்களுக்குச் சாதா முகமூடி முகத்தோடு ஒட்டாதாம், அதனால் இது. சத்தம் கேட்டு ஹேமின் எட்டிப் பார்த்தான். தாடிக்காரர் விளையாட்டாக அதை அவன் தலையில் மாட்டிவிட்டார்.

ஒரு நிமிஷம். இரண்டு. நாலு. பக்‌ஷான் கடிகாரத்தையே பார்த்தாள். ஹேமினின் தோள்கள் கீழே இறங்கின. கண்ணாடிக்குள் அவன் உதடு சிவப்பாகவே இருந்தது.

"அம்மா, காத்து தானா வருதும்மா," என்றான் உள்ளிருந்து. "நான் இழுக்கவே வேணாம்."

தாடிக்காரர் சிரித்துக்கொண்டே கழற்றி மடித்து வைத்தார். ஊரெல்லாம் அலைந்து தேடிய பொருள் பக்‌ஷானின் வீட்டு ஜமக்காளத்திலேயே கிடந்தது.

"ரொம்ப நல்ல முகமூடி," என்றாள். ரேபுவார் சொன்னான். நிருபர் தலையாட்டினார்.

"இவ்வளவு நல்ல பொருள என் வாழ்க்கையில பாத்ததில்ல."

ஆமாம், விலை அதிகம்தான் என்றார் தாடிக்காரர்.

"இத வச்சிருக்கறவங்களப் பெத்தவ புண்ணியம் பண்ணினவ." மூன்றாவது தடவை. இதற்குமேல் புகழ்ச்சி கிடையாது. உலகத்தில் யாராக இருந்தாலும் இப்போது 'உங்களுக்கே' என்று சொல்லியிருப்பார்கள். அவள் மறுக்கப் போவதில்லை, அந்த வெட்கத்தை விழுங்க ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள்.

நிருபர் குறிப்பேட்டைத் திறந்தார். 1988க்குப் போகலாமா என்று கேட்டார்.

"நேராக் கேளு ரேபுவார். என் புள்ளைக்கு வேணும்னு கேளு."

"அத்த, வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்டயா? தெருவே காறித் துப்பும்."

"துப்பட்டும். துப்பறதுக்கு மூச்சு இருக்கறவங்க துப்பட்டும். கேளுடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். நிருபர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். அது கம்பெனிப் பொருள், ஆள் பெயர் போட்டுக் கொடுத்தது, நண்பர் தாடி வைத்திருப்பதால் அவருக்கு வேறு வழியில்லை என்றார்.

"அந்த மூணாவது பையில?"

"சாதா முகமூடி அத்த. மாத்துக்கு. அதுல காத்த நாமதான் இழுக்கணும்."

"உனக்கா?"

ரேபுவார் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "எனக்கும் டிரைவருக்கும் லிஸ்டுல இல்ல. எங்களுக்கு ஈரத்துண்டு போதுமாம்."

பக்‌ஷான் எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தட்டில் வெந்நீர்க் கிண்ணம், சோப்பு, ஹேமின் புதிதாக வாங்கி வைத்திருந்த ரேசர், சலவைத் துண்டு. தாடிக்காரர் முன்னால் மண்டியிட்டு, தேநீர் வைப்பதுபோல வைத்தாள்.

"மழிச்சுக்கச் சொல்லு. மழிச்சா சாதா முகமூடி ஒட்டும். தாடி மறுபடி வளந்துடும். என் புள்ள நுரையீரல் வளராது."

அந்த அறையில் அதைவிட நியாயமான பேச்சை யாரும் பேசவில்லை. தாடிக்காரர் வெடித்துச் சிரித்தார், தாடியைத் தடவினார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கவனித்து நிறுத்தினார். கேமராவை எடுத்துத் தட்டைப் படம் பிடித்தார். ஒருவருக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுக்க வேண்டிவரும், விதி அப்படி, மன்னியுங்கள் என்றார் நிருபர். உங்கள் சாட்சி ரொம்ப முக்கியம், உலகம் கேட்கக் காத்திருக்கிறது என்றும் சொன்னார்.

உலகம்! இதே உலகத்திடம்தானே அன்றைக்கு இரண்டு மணி நேரம் சொன்னாள்?

"கேளு அவர," என்றாள். "அன்னிக்கு எல்லாம் சொன்னேன். நீங்க நம்பறதுக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இந்த வாரம் எங்க தலையில போட்டா எத்தன வருஷம் ஆகும்?"

ரேபுவார் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். நிருபர் அவளையே பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து அதை எழுதினார், கீழே இரண்டு கோடு போட்டார், ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" அவள் முன்னால் சாய்ந்தாள். ஒருவேளை மனசு இளகியிருக்கலாம்.

ரேபுவார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அருமையான வரியாம், அத்த. தலைப்பா போடலாமாம்."

பக்‌ஷான் தேநீர்த் தம்ளர்களைத் தட்டில் எடுத்து அடுக்கினாள். அவர்களும் வற்புறுத்தவில்லை, வேண்டியது கைக்கு வந்துவிட்டது. மூன்று பைகளும் படியிறங்கின. வழக்கப்படி வாசல் வரை போய் நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அப்படியே ஜன்னலுக்குப் போய் ரொட்டிக்கடைப் புகையைப் பார்த்தாள். புகை கிழக்கே சாய்ந்திருந்தது. காற்று மேற்கிலிருந்து வந்தது.

உள்ளறையில் ஹேமின் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தலைமுடியை வேறு ஒதுக்கி வைத்திருந்தான், மறுபடி மாட்டிக்கொள்ள வசதியாக.

"கெடச்சுதாம்மா?"

"அவங்களுக்குக் கெடச்சுது," என்றாள் பக்‌ஷான்.