லமினேட் செய்த எட்டுச் சான்றிதழ்கள்

இன்று மதியம் பருத்தித்துறையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் நின்றேன்.

மீனவர் ஒருவர், பாடசாலைச் சீருடையில் இருந்த மகளோடு ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். மகள் உயர்தரம் படிக்கிறாள். அவள் கேட்கும் புலமைப்பரிசிலுக்கு இன்று நான்கு மணிதான் முடிவு.

வலைப்பந்து, பேச்சுப்போட்டி என்று எட்டுச் சான்றிதழ்கள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் கல்வி அலுவலகத்தின் முத்திரை வேண்டும். எட்டும் லமினேட் செய்யப்பட்டவை. பிளாஸ்டிக்கில் மை நிற்காது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தம்பி, இந்தப் பிளாஸ்டிக்கை ஒருக்காக் கழட்டித் தாரும்" என்றார் தகப்பன், கடைக்காரரிடம்.

"அண்ணை, லமினேட் போட்டால் போட்டதுதான். இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும்."

"ஒழுகிற வீடு, தம்பி. நனையக்கூடாதெண்டு நீர்தானே போட்டுத் தந்தனீர்?"

கடைக்காரர் ஒரு பிளேட்டை எடுத்தார்.

"அப்பா, முதல் இதிலை பாப்பம்" என்று மகள் ஓட்டப்போட்டிச் சான்றிதழை நீட்டினாள். கடைக்காரர் பிளேட்டால் ஓரத்தைக் கீறி மெதுவாக உரித்தார். அவளுடைய பெயர் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

"அப்ப நான் ஓடேல்லை" என்றாள் மகள்.

தகப்பன் சிரிக்கவில்லை. மீதி ஏழு சான்றிதழ்களையும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

இப்போது இரண்டு முப்பத்தைந்து. இருவரும் கடை வாசலிலேயே நிற்கிறார்கள்.

எழுத்துப் போகாமல் லமினேஷனைக் கழற்றத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். லமினேட் செய்தது பிழை என்று சொல்ல விரும்புகிறவர்கள் தயவுசெய்து நான்கு மணிக்குப் பிறகு எழுதுங்கள்.