எழுபது நாளில் இரண்டு ஓட்டம்

நான் ஓட ஆரம்பித்த முதல் காலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களும் என்னோடு சேர்ந்து ஓடினார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டமான சேரங்கோட்டில் விடியற்காலையில் ஒரு மனிதன் வேகமாக ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பின்னால் யானை வருகிறது. பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் கூடைகளைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குத்தான் பெரட்டு என்று பெயர். இலங்கைத் தோட்டத்தில் பழகிய அந்தச் சொல்லையும் கப்பலில் கூடவே கொண்டு வந்திருந்தோம்.

"எங்க ஆனை? எத்தனை உருப்படி?" என்று ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஆனை எல்லாம் இல்லைங்க. சும்மா ஓடுறேன்."

"சும்மாவா? நாப்பது வயசுக்கு மேல எவனாச்சும் சும்மா ஓடுவானா?"

எனக்கு அப்போது நாற்பத்தொன்று. ஏன் ஓடுகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் நடுவில் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். மறுநாளிலிருந்து தலையில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினேன். துண்டு தெரிந்தால் யானை இல்லை என்று ஜனங்கள் பழகிக்கொண்டார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பேப்பரில் ஒரு செய்தி பார்த்து எனக்குப் படித்துக் காட்டினார். கோயம்புத்தூரில் மராத்தான் ஓட்டம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எங்கள் கணக்கில் இருபத்தாறு கட்டை. யார் வேண்டுமானாலும் ஓடலாம். "நீங்கதான் தெனமும் ஓடுறீங்களே, எழுதிப் போடட்டுமா?" என்றார். தலையை ஆட்டினேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் தொடங்கி முடித்த காரியம் என்று அதுவரை எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். இலங்கையில் லயத்துக்குப் பின்னால் கட்டத் தொடங்கிய ஒரு சின்ன அறையைக் கூரை போடாமலே விட்டுவிட்டு வந்தோம். கப்பல் இறங்கியதும் வைத்திருந்த மண்டபம் முகாமில் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். பாதியில் நீலகிரிக்கு உத்தரவு வந்துவிட்டது. இதையெல்லாம் யாருடைய குற்றம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனிதன் ஒன்றையாவது முழுசாக முடித்திருக்க வேண்டும் என்று எனக்குள் இருந்தது. அதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஏழு மாதம் ஓடினேன். லயத்திலிருந்து தேயிலை ஃபேக்டரி வரை, பிறகு சேரம்பாடி ரோடு வரை, பிறகு அதையும் தாண்டி. தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடும் கவாத்து வேலையில் ஆளுக்கு இத்தனை செடி என்று கணக்கு. அதை முடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்கள் இரண்டு மணிக்கு முடிப்பதை நான் பன்னிரண்டரைக்கு முடித்துவிட்டு ஓடப் போய்விடுவேன்.

கோயம்புத்தூர் ஓட்டத்தில் நான் விழுந்த கதையைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மலையில் இருக்கிற நாங்கள் வெளியூர் கிளம்பினால் ஸ்வெட்டர் போடாமல் கிளம்ப மாட்டோம். நானும் போட்டுக்கொண்டு போய் அதோடேயே வரிசையில் நின்றேன். எண் எழுதிய துணியை ஒருவர் வந்து ஸ்வெட்டரின் மேலேயே ஊசி வைத்துக் குத்திவிட்டார். ஏழு மணிக்கெல்லாம் அங்கே வெயில் ஏறிவிட்டது. பக்கத்தில் ஓடியவர், "அதைக் கழட்டிப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். நான் கழற்றவில்லை. உள்ளே போட்டிருந்த பனியனில் முதுகுப் பக்கம் ஒரு கை நுழைகிற அளவுக்குக் கிழிசல். ரோட்டின் இரண்டு பக்கமும் பெண்களும் பிள்ளைகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பில்லாத காலில் தார் ஒட்டியது. முப்பதாவது கிலோமீட்டர் கல்லைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது வேனுக்குள் யாரோ என் தலையில் தண்ணீர் ஊற்றியது.

ஊருக்குத் திரும்பியதும் பெரட்டில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். பொய் சொல்லத் தெரியாததால், "முப்பது கிலோமீட்டர்தான், முடிக்கல" என்று மட்டும் சொன்னேன். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "முக்கால்வாசி ஓடியிருக்காரு, முக்கால்வாசி கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கைதட்டல் நிற்கிற வரைக்கும் என் கையிலிருந்த கவாத்துக் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவி என் ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது.

"இந்த வெயில்ல இதையா போட்டுக்கிட்டு ஓடினீங்க?"

"உள்ள பனியன் கிழிஞ்சிருந்திச்சு."

"பனியன் கிழிஞ்சதுக்கு மயங்கி விழுந்த மனுசன் இந்த உலகத்திலயே நீங்க ஒருத்தர்தான். தெருவில நிக்கிற சனம் உங்க முதுகைப் பாக்கவா காலையில எழும்பி வந்திச்சு?" என்றாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்வெட்டரால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே கம்பவுண்டர் அடுத்த செய்தியைக் கொண்டு வந்தார். ஊட்டியில் இதே தூரத்துக்கு இன்னொரு ஓட்டம், எழுபது நாள் கழித்து. ஊட்டியிலிருந்து கேத்தி வழியாகக் குன்னூருக்கு இறங்கித் திரும்ப ஏறி வர வேண்டும். மலை ரோடு, குளிர், ஸ்வெட்டர் போட்டாலும் பாதகமில்லை. "உடம்பு தேறினாப் பாக்கலாம். பத்து நாளைக்கு ஓடக் கூடாது" என்றார். எழுதிப் போடச் சொன்னேன்.

உடம்பு தேறுவதுதான் பெரிய பாடாக இருந்தது. இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன. முழங்கால் வீங்கியிருந்தது. மனைவி தினமும் சாயங்காலம் நீலகிரித் தைலம் தேய்த்து வெந்நீர் ஊற்றினாள். வீடு முழுக்க அந்த வாசனைதான். ஓட்டத்துக்கு லீவு கேட்கலாம், வலிக்கு லீவு கேட்க எனக்கு வெட்கம். சரிவில் குனிந்து, காலை அகட்டி ஊன்றி, செடிக்குச் செடி கத்தி போட வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் முழங்கால் கத்தியது.

எங்கள் தோட்டத்து வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நிரை செடி பிரித்துவிடுவார்கள். ஒருவன் பின்தங்கினால், முடித்தவன் அவனுடைய நிரையின் மறுமுனையிலிருந்து தொடங்கி அவனைப் பார்த்து வெட்டிக்கொண்டே வருவான். நடுவில் எங்கேயோ இருவரும் சந்திப்பார்கள். பிறகு சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். உதவி என்று யாரும் சொல்வதில்லை, நன்றியும் சொல்வதில்லை. இத்தனை வருஷத்தில் நான்தான் மற்றவர்கள் நிரையில் எதிரே வந்திருக்கிறேன். என் நிரையில் யாரும் எதிரே வந்ததில்லை.

முழங்கால் வீங்கிய பிறகு முதல் தடவையாக வந்தார்கள். பாதிகூட முடியாத நிலையில் நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து நிரைக்காரர் மேலேயிருந்து வெட்டிக்கொண்டு வருகிறார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நாலு நாள் இப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் விடிவதற்கு முன் எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினேன். என் கால் நன்றாகிவிட்டது என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று இருந்தது. இரண்டாவது வளைவில் இடது குதிகாலுக்கு மேலே நரம்பில் சுளீர் என்று இழுத்தது. நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "கவாத்து வெட்டின செடியில மறுவாரமே கொழுந்து எடுக்கச் சொன்னா எடுப்பீங்களா?"

"அது எப்படி எடுக்கிறது?"

"செடிக்கு இருக்கிற மதிப்புகூட உங்க காலுக்கு இல்லையா?"

இந்த முறை இருபது நாள் ஓடவில்லை. ஓடாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. காலையில் தூக்கம் கலைந்துவிடும். கால் தானாகத் தரையைத் தேடும். பக்கத்து நிரைக்காரர் என் நிரையில் எதிரே வந்துகொண்டே இருந்தார். ஒரு நாள் நடுவில் சந்தித்தபோது கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இந்தா மச்சான், ஒண்ணு சொல்லிப்புடுறேன். உன் நிரையையும் சேத்து வெட்டினவன் நான். நீ ஊட்டியில முடிக்கலன்னு வை, என் பாடு அத்தனையும் தெண்டம். பொறவு என் நிரையையும் ஆயுசுக்கும் நீதான் வெட்டணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றையிலிருந்து அது என் ஒருவனுடைய ஓட்டம் இல்லை என்று ஆகிவிட்டது. இருபது நாள் கழித்து நடந்தேன். பிறகு மெதுவாக ஓடினேன். கம்பவுண்டர் தன்னுடைய பழைய கேன்வாஸ் ஷூவைக் கொடுத்தார். கொஞ்சம் பெரிது, நுனியில் துணி அடைத்துக்கொண்டேன். நீண்ட தூரம் ஓட நாள் போதவில்லை. ஒரே ஒரு தடவை இருபது கட்டை வரை போய்ப் பார்த்தேன்.

ஊட்டியில் பனி மூடியிருந்தது. முன்னால் நிற்பவன் முதுகுகூடத் தெரியவில்லை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று, யாருக்கும் நானும் தெரியவில்லை. குன்னூர் வரைக்கும் இறக்கம், சுகமாகப் போனேன். திரும்பி ஏறும்போதுதான் குதிகால் பேச ஆரம்பித்தது. கேத்திக்கு வருவதற்குள் என்னைத் தாண்டிப் போக வேண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பின்னால் ஒரு வண்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தேன். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன். நான்தான் கடைசி ஆள்.

டிரைவர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "ஏனுங்க, ஏறிக்கிறீங்களா?"

"இல்லைங்க."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. "சும்மா கேக்கறனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உள்ள எடம் இருக்குதுங்க. ரெண்டு பேரு படுத்துத் தூங்கறாங்க."

"வேணாங்க."

"நானும் சோறு திங்கப் போகோணுமுங்க."

"நீங்க போங்களேன்."

"கடைசி ஆளுக்குப் பின்னாலதான் வரோணும்னு சொல்லிப்போட்டாங்க. உங்களுக்கு எத்தனை பசியோ எனக்கும் அத்தனை பசி."

அந்தப் பனியில் நாங்கள் இருவரும் இப்படியே பேசிக்கொண்டு ஏறினோம். என் ஆயுளில் அறிமுகமில்லாத ஒரு மனிதரோடு நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. கேத்தியில் காரட் கழுவிக்கொண்டிருந்த ஒரு விவசாயி எனக்கு ஒன்றும் டிரைவருக்கு ஒன்றும் கொடுத்தார். டிரைவர் கடித்துக்கொண்டே, "நெசமாலுமே முடிச்சுப் போடுவீங்களா?" என்று கேட்டார். "முடிப்பேங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் ஏறச் சொல்லவே இல்லை. முன்னால் லாரி நின்றால் ஹாரன் அடித்து எனக்கு வழி வாங்கிக் கொடுத்தார்.

நாலு கிலோமீட்டர் நடந்தேன். மீதியை ஓடினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பார்த்தவர்கள் அதை ஓட்டம் என்று சொல்வார்களா தெரியாது. ஊட்டியில் முடிகிற இடத்தில் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். மேஜையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வேன் ஹாரன் கேட்டதும் கீழே வைத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்த மனிதர், "டைம் இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, எழுதுங்க" என்றார். பெரிய நோட்டில் கடைசி வரியில் என் பெயரை எழுதினார்கள். எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பெரட்டில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். சூப்பர்வைசர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து என் பெயரில் நிறுத்தினார். "என்னாச்சு?"

"முடிச்சேன்" என்றேன். எனக்கே சத்தம் அதிகமாகப் பட்டது. கடைசியாக வந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. பக்கத்து நிரைக்காரர் தன் கத்தியால் என் கத்தியைத் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

அன்றைக்கு எங்களுக்குக் கீழ் மலையில் வேலை. இறங்குவதற்குக் கல் படி. தொடை இரண்டும் கட்டையாகிவிட்டதால் ஒரு படிகூட முன்னால் வைத்து இறங்க முடியவில்லை. திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கிப் பார்த்தேன், முடிந்தது. மேலே நின்ற பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பாருங்கடி, மராத்தான்காரரு ரிவர்ஸ்ல போறாரு" என்றாள் அவர்களோடு கொழுந்து எடுக்க வந்திருந்த என் மனைவி. மற்ற நாளாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். அன்றைக்கு அவர்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன்.