ஒன்பது கிணறுகளும் ஒரு பாப்பமும்

எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் ‘இல்லை’ என்று சொல்வது அபூர்வம். ‘பாப்பம்’ என்பார்கள், அதாவது ‘பார்ப்போம்’. கலியாணப் பேச்சுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது வாசல் படலையைத் திறந்துகொண்டே ‘பாப்பம்’ என்று சொன்னால் அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிடலாம். காணி கேட்டவருக்கும் வேலை கேட்டவருக்கும் அதே சொல்தான். கேட்டவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கமாட்டார். எடுத்தால் அவருக்கு வெட்கம் இல்லை என்று அர்த்தம். இந்த மரியாதையில் வளர்ந்தவள் நான். அதனால்தான் கெட்டேன்.

குளிர் நாடொன்றில் நிலத்தடி நீர் பற்றி ஆராய்ந்து, கலாநிதிப் பட்டத்தோடு நான் யாழ்ப்பாணம் திரும்பியபோது கம்பஸில் தற்காலிக விரிவுரையாளர் வேலை ஒன்று கிடைத்தது. ஒரு வருட ஒப்பந்தம். முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம் நீட்டித் தந்தார்கள். நிரந்தர நியமனம் எப்போது வரும் என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

அம்மாவும் அப்பாவும் கனடாவில் அண்ணையோடு இருந்தார்கள். வட்டுக்கோட்டை வீட்டில் நான் மட்டும். மூன்று அறைகளில் இரண்டைப் பூட்டி வைத்திருந்தேன். கூட்டுவதற்குச் சோம்பல், பஞ்சி என்று மற்றவர்களுக்குச் சொன்னாலும், திறந்து கிடக்கும் அறைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

என்னுடைய ஆராய்ச்சி தென்மராட்சியில். சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் ஒன்பது கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்தேன். நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஏன் உப்பேறிச் சவர் ஆகின்றன, எந்தக் கட்டத்தில் ஆகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அதற்கு இரண்டு மாரியும் இரண்டு கோடையும் இடைவிடாமல் அளக்க வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் வரைபடத்தில் கோடு அறுந்துபோகும்; திரும்ப முதலிலிருந்துதான். ஸ்கூட்டியின் முன்னால் தண்ணீர் மாதிரிகளைக் குளிராக வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியையும் போத்தல்களையும் வைத்துக்கொண்டு நான் போவதைப் பார்த்து, ஐஸ்கிறீம் விற்கிறவள் என்று நினைத்து மறித்தவர்களும் உண்டு.

ஒன்பதாவது கிணறு ஒரு அக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும். கத்தரியும் பயிற்றையும் வைத்துக் கொடிகாமம் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். மற்ற வீடுகளில் அனுமதி கேட்டபோது இரண்டு மூன்று ‘பாப்பம்’ வந்தன. நானும் மரியாதையாக அடுத்த படலைக்குப் போனேன். அக்கா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அள்ளுங்கோ பிள்ளை, தண்ணிதானே” என்றார்.

கிணற்று மட்டத்தைச் சரியாக அளக்க வேண்டுமென்றால் முதல்நாள் பின்னேரத்திலிருந்து மோட்டர் போடக்கூடாது. மற்ற வீட்டுக்காரர்கள் மறந்துவிடுவார்கள். அக்கா வெள்ளிக்கிழமையே சுவிச்சில் சிவப்புச் சீலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுவார், யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று. நான் வந்து அளந்து முடிக்கும்வரை கத்தரிக்குத் தண்ணீர் இல்லை. உப்பை அளக்கும் மானியில் எண் வந்ததும் எட்டிப் பார்த்து, எங்கடை தண்ணி எப்பிடி என்று கேட்பார். என் வேலையைப் பற்றி அந்த நாட்களில் என்னிடம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். துறையில் யாரும் கேட்டதில்லை. அண்ணை கேட்ட கேள்வி வேறு: “உந்தக் கிணத்துத் தண்ணியை அளந்து நீ என்னத்தைக் காணப்போறாய்?”

ஒப்பந்தம் முடிந்தால் ஆய்வுகூடமும் இல்லை, மானியும் இல்லை. ஆகவே கிடைத்த நிதிக்கெல்லாம் விண்ணப்பித்தேன். ஒரு நிதியத்துக்கு நான் ‘இளம் விஞ்ஞானி’ இல்லை. நாலு மாதம் மூத்துவிட்டேன். இன்னொன்று, நிரந்தரப் பதவி இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்றது. நிரந்தரப் பதவிக்கான படிவத்திலோ, இதுவரை வென்ற ஆராய்ச்சி நிதிகளைப் பட்டியலிடு என்று ஒரு முழுப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அரச திணைக்களம் ஒன்றில் தகைமை கூடிப்போய்விட்டது என்றார்கள். போத்தல் தண்ணீர் விற்கும் முதலாளி ஒருவர் மட்டும் உடனே வேலை தரத் தயாராக இருந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்: ‘கலாநிதியால் பரிசோதிக்கப்பட்டது’ என்று லேபிளில் அச்சடிக்கலாமா என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன்.

அப்போதுதான் ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். வெளிநாட்டுக்காரர், என் ஆய்வேட்டைப் பரிசோதித்தவர். அவரிடம் இளையவர்களுக்கென்று சிறிய நிதி ஒன்று இருந்தது. முதல் கோடை தொடங்கியிருந்த நேரம். கிணறுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. நல்ல வேலை, இந்தக் கோடையின் அளவுகள் வரட்டும், பார்ப்போம் என்று இரண்டு வரி.

அவர் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார். நான் அதைத் தமிழில் வாசித்தேன், அதுவும் எங்கள் ஊர்த் தமிழில். ‘பார்ப்போம்’ என்ற இடத்தில் என் காதுக்குப் படலை சாத்தும் சத்தம் கேட்டது. எவ்வளவு நாகரிகமான மனிதர், மனம் நோகாமல் சொல்லிவிட்டார் என்றுகூட நினைத்தேன். நன்றி சொல்லி ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு மடிகணினியை மூடினேன்.

அந்தக் கோடை முழுவதும் அளந்தேன். அருமையான அளவுகள். ஒன்பதாவது கிணற்றில் உப்பு ஏறத் தொடங்கும் இடம் கோட்டில் துல்லியமாகத் தெரிந்தது. அதைப் பார்த்த அன்று யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. கன்ரீனுக்குப் போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். காட்டுவதற்கு அங்கும் ஒருவரும் இல்லை. பேராசிரியருக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் படலையில் திரும்பவும் போய் நிற்பதா? அளவுகளின் கோப்பைக் கணினியில் சேமித்து வைத்தேன், அவ்வளவுதான்.

மாரி பிறந்து, வளவெல்லாம் வெள்ளம் நின்ற நாட்களில் அவரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. உன்னுடைய கோடை அளவுகளுக்காக முடிவு நாள்வரை காத்திருந்தேன், வரவில்லை, இந்த முறை இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம், நீ வேறு நல்ல வாய்ப்பு ஒன்றுக்குப் போயிருப்பாய் என்று நம்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

நான் அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. முதலில் அவர்மீது கோபம் வந்தது: அளவுகளை அனுப்பு என்று நேரே எழுதினால் என்ன? பிறகு பழைய மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். நேரேதான் எழுதியிருந்தார். மனிதன் தான் நினைத்ததை எழுதியிருக்கிறான். நான்தான் அதற்கு எங்கள் ஊர்ச் சட்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லிச் சிரிக்கவோ அழவோ ஒரு ஆள் வேண்டும். அண்ணைக்குச் சொன்னால் கனடாவுக்கு வா என்பார். துறையில் சொன்னால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பூட்டியிருந்த அறைகளில் ஒன்றைத் திறந்து கூட்டத் தொடங்கினேன். கூட்டிக்கொண்டே அழுதேன்.

சித்திரையில் ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு மாரியும் ஒரு கோடையும் கையில். ஒரேயொரு கோடைதான் மீதி. மானியும் போத்தல்களும் துறைக்குச் சொந்தமானவை. கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மானியை வாங்கிய உத்தியோகத்தர் அதன் பெட்டியை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். துடைத்துக் கொடுத்தேன்.

கடைசி முயற்சியாக இன்னொரு நிதிக்கு விண்ணப்பித்திருந்தேன். கிடைத்தால் மானி ஒன்று வாங்கலாம், கோட்டை அறாமல் இழுக்கலாம். மே மாதத்து முதல் சனிக்கிழமை வரைக்கும் பதில் வரவில்லை. அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

அன்று காலை எட்டரை மணிக்கு அவரே போனில் கோல் எடுத்தார்.

“பிள்ளை, வெளிக்கிட்டிட்டியளோ? நான் நேற்றே சீலையைக் கட்டிப்போட்டன். கத்தரி வாடுது.”

வேலை முடிந்துவிட்டது என்றும் மானியைக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். இன்னொரு இடத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப இனி வருவியளோ, மாட்டியளோ?”

“பாப்பம் அக்கா,” என்றேன்.

உண்மையாகவே சொன்னேன். பதில் வரட்டும், வந்தால் அன்றைக்கே ஓடி வருவேன் என்ற அர்த்தத்தில் சொன்னேன். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அதன் நேரான பொருளில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.



“ஓம் பிள்ளை, விளங்குது,” என்றார் அக்கா. “கவலைப்படாதேங்கோ. அப்ப நான் மோட்டரைப் போடுறன்.”

அப்படியில்லை அக்கா என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், போனை வைக்காமலே அவர் நடந்து போனார். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்பதாவது கிணற்றில் மோட்டர் ஓடத் தொடங்கியது.