காய்ந்துபோன பளிங்கும் மூன்று வரி அறிக்கையும்

சிவகௌரியின் ஆய்வை நிறுத்தியவன் நான். பிழை என்னுடையது, பழியை அவள்மேல் போட்டேன். பதினான்கு வருடங்கள் கழித்து, கடந்த மாசியில், அதை அவளிடம் சொல்ல யாழ்ப்பாணம் போனேன்.

காலை 8.30. பேருந்து நிலையத்தடியில் ஓட்டோ பிடித்தேன். கோப்பாய்க்கு ஏழு கிலோமீற்றர், எழுநூறு ரூபாய்.

"ஆரிட்டைப் போறியள் ஐயா?"

"என்னட்டைப் படிச்ச பிள்ளையிட்டை."

"அப்ப மத்தியானச் சாப்பாடு அங்கைதான்!" ஓட்டுநர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவகௌரியின் ஆய்வு இதைப் பற்றியது: சில மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே காந்தமாக நடந்துகொள்ளும். அந்தக் காந்தம் எந்தத் திசையில் நிற்கிறது என்று அறிய, நடுவிலுள்ள உலோக அணுவைச் சுற்றி மற்ற அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று தெரியவேண்டும். பளிங்கின், அதாவது படிகத்தின், மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளை வைத்து அதைக் கணிக்கலாம். எங்கள் ஆய்வு நிலையத்தில் அந்தக் கருவி இல்லை. கடுகளவு பளிங்கு கடல் தாண்டிப் போகவேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஆனால் அந்த ஆத்திரம் என்னைக் காப்பாற்றாது.

சிவகௌரி நான்கு மாதம் வளர்த்த பளிங்குகளை நான்தான் கொண்டுபோனேன். "சேர், கரைசலுக்குள்ளையே வைச்சுக் கொண்டுபோங்கோ. காய்ஞ்சால் உடைஞ்சு போம்" என்றாள். விமான நிலையத்தில் போத்தலைப் பறிப்பார்கள் என்று பயந்து, அவளில்லாத நேரம் வடிதாளில் ஒற்றி, மாத்திரைப் பெட்டியில் போட்டேன். போய்த் திறந்தபோது மாவாக இருந்தது. புள்ளி ஒன்றும் விழவில்லை. அவள் தந்தது பளிங்கே அல்ல என்று அறிக்கை எழுதினேன். பின்னர் வெளிநாட்டார் சிலர் அதே மூலக்கூறின் பளிங்கை அளந்து பிரசுரித்தார்கள். வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

9.10. சிவகௌரி தான் படிப்பிக்கும் டியூசன் கொட்டிலில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்திட்டிருந்த கடிதத்தை நீட்டினேன்.

"எனக்குத் தெரியும் சேர். குப்பைக் கூடைக்குள்ளை வடிதாளைக் கண்டனான்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நிலையத்திலை சொன்னனான். 'சேர் பொய் சொல்லுவாரோ' எண்டு என்னைக் கலைச்சு விட்டவை. உந்தக் கடிதம் எனக்கென்னத்துக்கு? அங்கை வந்து சொல்லுங்கோ."

11.00. காலை வகுப்பு முடிந்ததும் அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, மருதனார்மடத்துக்கு அப்பாலுள்ள ஆய்வு நிலையத்துக்குப் போனேன். இப்போதைய பணிப்பாளர் என் பழைய மாணவன்.

"பழைய கதை சேர். இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

"தேத்தண்ணிக்கு வரேல்லை!" கத்திவிட்டேன். "பொய் அறிக்கை எழுதினவன் நான். அவவின்ரை கோப்பு எங்கை?"

"அவவின்ரை ஆய்வுப் பதிவு காலாவதியாகிட்டுது சேர். இனி ஒண்டும் செய்யேலாது."

"பதிவு ஆர் கேட்டது?" என்றாள் சிவகௌரி. "அந்த அறிக்கைக்கு மேலை இந்தக் கடிதத்தைக் குண்டூசியாலை குத்துங்கோ. ரெண்டு மணிவரை எனக்கு வகுப்பில்லை. அவசரமில்லை, ஆறுதலாத் தேடுங்கோ."

12.40க்குக் கோப்பு வந்தது. பணிப்பாளர் குத்துமுன் அவள் அதை வாங்கி, என் அறிக்கையைப் பார்த்தாள். அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

"மூண்டு வரி," என்றாள். "மூண்டே மூண்டு வரி, சேர்."

கடிதத்தைத் தன் கையாலேயே அதன்மேல் குத்தினாள். என்னைப் பாராமல் வெளியே போய் ஸ்கூட்டரை எடுத்தாள். கொழும்புக்குத் திரும்பியபின் அவளுக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன். பதில் இல்லை.